மைசூரில் மாமா இருக்கிறார்

"மைசூரும் வேண்டாம்" என்று வாலாம்பாள் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள்.

சேஷனுக்குச் சுருக்கென்றது. சற்று முன்புதான் மெட்ராஸை அடித்திருந்தாள். அதுவாவது போகட்டும். மெட்ராஸில் இருப்பது அவருடைய அக்கா. நாத்தனார் பேரைக் கேட்டால் எந்தப் பெண்டாட்டிக்கும் முகம் மாறத்தான் செய்யும். மைசூரில் இருப்பது வாலாம்பாளின் கூடப்பிறந்த தம்பி அல்லவா!

லிஸ்ட் போடுவதில் செக்ரடேரியட் குமாஸ்தா சேஷனை மிஞ்ச திருவனந்தபுரம் வலியசாலையில் ஆள் கிடையாது. தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் சாமான் லிஸ்ட்டுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். இதுவோ சொந்தப் பெண்ணின் காலேஜ் லிஸ்ட். விடுவாரா?

சீதாலக்ஷ்மி இன்டர்மீடியட்டில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். மேலே படித்தால் சைக்காலஜிதான் படிப்பேன் என்றாள்.

"அது என்ன படிப்புடி?"

"மனுஷா மனசைப் பத்தினது, அப்பா."

"இதுக்குப் படிப்பு வேறயா? சூப்பரண்டு மூஞ்சியைப் பாத்தே நாங்க சொல்லிடுவோமே!"

கேலி செய்தாரே தவிர, உள்ளூரப் பெருமைதான். அன்றைக்கே பேப்பரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

எட்டாக் கொம்பாக ஒன்று, காசி. எம்பினால் எட்டக்கூடியதாக மெட்ராஸும் மைசூரும். எதுவுமே கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது உள்ளூர்ப் பெண்கள் காலேஜ். அங்கே பிலாசபிதான் சாப்பாடு; சைக்காலஜி ஊறுகாய் மாதிரி கொஞ்சம் தொட்டுக்கொள்ளக் கிடைக்கும்.

"எல்லாம் ஒசத்தியாப் போட்டா ஒண்ணும் கிடைக்காம ஆத்துல உக்காரணும். எல்லாம் லேசாப் போட்டா பின்னால வருத்தப்படணும். கலந்து போடணுமாக்கும்" என்று பெண்ணுக்கு விளக்கினார். "அது மட்டும் இல்லை, கேட்டியா? காசியிலே என் சித்தப்பா பிள்ளை. மெட்ராஸிலே அத்தை. மைசூரிலே ராமு மாமா. எங்கே கிடைச்சாலும் தங்கறதுக்கு நம்ம மனுஷா இருக்கா."

அந்த லிஸ்ட்டில்தான் பத்து நாள் கழித்து வாலாம்பாள் பென்சிலை வைத்தாள். மைசூருக்குப் பின்னால் காசியும் போயிற்று. மிச்சம் நின்றது உள்ளூர்க் காலேஜ் மட்டும்.

சீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்துக்கும்மா எல்லாத்தையும் அடிக்கறே? இங்கே சைக்காலஜி பேருக்குத்தானே இருக்கு!"

"வாலா, பொண்ணை வெளியூர் அனுப்ப இஷ்டமில்லைன்னா நேரே சொல்லிடேன்" என்று சேஷன் சத்தம் போட்டார். "ராமு பதில்கூட எழுதிட்டான். எங்காத்துப் பொண்ணா வச்சுப் பாத்துக்கறோம்னு எழுதியிருக்கான்."

"பாத்துப்பா. அதான் எனக்குப் பயம்."

இது என்ன பேச்சு என்று சேஷனுக்கு விளங்கவில்லை. பெற்றவளே பெண்ணின் படிப்புக்குக் குறுக்கே விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"பின்னே எங்கேதான் படிக்கணும்ங்கறே?"

"நமக்கு யாருமே இல்லாத ஊராப் பாருங்கோ."

"சரியாப் போச்சு! யாருமே இல்லாத ஊரிலே பொண்ணு எங்கே தங்குவா?"

"ஹாஸ்டல்லே."

"ஏன், மைசூரிலே ஹாஸ்டல் இல்லையா?"

"மாமா இருக்கற ஊரிலே மருமாளை ஹாஸ்டல்லே விட்டா, ராமு அப்புறம் நம்ம வாசப்படி மிதிப்பானா? ஸ்டேஷனுக்கே வந்து பெட்டியைத் தூக்கிண்டு போயிடுவான்."

அது நிஜம். அவருடைய அக்கா இன்னும் ஒரு படி மேலே. ஊரெல்லாம் லெட்டர் எழுதி மானத்தை வாங்கிவிடுவாள். சேஷன் பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, பரோடா?"

"பரோடாவிலே யாரும் இல்லை. ஆனா கிடைக்கறது கஷ்டம்."

"அப்போ அதை மேலே போடுங்கோ. நாக்பூர்?"

"உன் பெரியப்பா மாப்பிள்ளை ரயில்வேயிலே இருக்கான்."

"அடிங்கோ" என்றாள் வாலாம்பாள்.

"பூனா?"

சேஷன் தலையைச் சொறிந்தார். "எங்க மன்னியோட தங்கை..."

"அடிங்கோ."

நம்மவர்கள் கால் வைக்காத ஊரைக் கண்டுபிடிப்பதற்குள் சேஷனுக்கு வியர்த்து விறுவிறுத்துவிட்டது. கடைசியில் வால்டேரும் அலஹாபாத்தும் தேறின. மேலே பரோடா, நடுவில் இந்த இரண்டு, அடியில் உள்ளூர். பழைய லிஸ்ட்டுக்கு இது எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை என்று அவருக்கே தோன்றியது. சீதா முகமெல்லாம் சிரிப்பாக அப்ளிகேஷன் எழுத உள்ளே ஓடினாள்.

சேஷனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"இருந்தாலும் உறவுக்காரா மேலே உனக்கு இவ்வளவு வெறுப்பு ஆகாது, வாலா."

"வெறுப்பா? ராமு தங்கம். அவன் ஆம்படையாளும் தங்கம். எங்க அத்தையும் தங்கம்தான்" என்று வாலாம்பாள் சிரித்தாள். "என்னைப் பொண் பாக்க வந்தப்போ, திருநெல்வேலியிலே அத்தை ஆத்துல தங்கி ஸ்கூல்லே படிச்ச பொண்ணுன்னு சொன்னாளே, ஞாபகம் இருக்கா?"

"மறப்பேனா? அதைக் கேட்டுத்தானே நான் தலையாட்டினேன்!"

"மூணு வருஷமும் அந்த ஸ்கூல் மணியை, நான் அத்தை ஆத்து அடுக்களையிலே நின்னுண்டுதான் கேட்டேன்."