மிஞ்சிய ஒரே வீரர்

"உங்க வீட்டுக்காரர் நிஜமாவே பட்டாளத்துல இருந்தவரா?" என்று மூன்றாம் மாடி டைப்ரைட்டிங் டீச்சர் ஒருமுறை அவளைக் கேட்டாள்.

அவள் தலையை ஆட்டிவைத்தாள். ஆமாம் என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல், பொதுவாக ஓர் ஆட்டல். டீச்சர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அதற்குத் தான் பொறுப்பில்லை என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் கேப்டன். வாட்ச்மேன் வேலையும், அதோடு சேர்ந்த வாடகையில்லாத கீழ்த்தளத்து வீடும் அதற்காகவே கிடைத்தவை. "பட்டாளத்துக்காரர் வாசல்ல நின்னா, திருடன் இந்தத் தெருவுக்கே வரமாட்டான்" என்று சொல்லித்தான் சங்கத் தலைவர் சாவியைக் கையில் கொடுத்தார்.

கேப்டன் லேசாக நொண்டுவார். மழை நாளில் இடது கால். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடி ஏறச் சொன்னால் வலது கால். முதுகில் இருந்த வடு, எதிரியின் குண்டு உரசியது. அவளுக்குத் தெரிந்து அது பிஸ்கட் கம்பெனியில் சூடான தட்டு பட்டது. மலை எல்லையில் சண்டை நடந்த அந்தக் குளிர்காலம் முழுக்க, உடைந்த பிஸ்கட்டை ஒரு பக்கமும் உடையாததை மறுபக்கமுமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர்.

ஆனால் கதை என்று வந்துவிட்டால் வடக்கு முகட்டுச் சாவடிதான். எப்போதோ ரேடியோவில் கேட்ட, மலை எல்லைக் காவலிடம் ஒன்றின் பெயர். பனி கொட்டுகிறது, எதிரி சுற்றி வளைக்கிறான், குண்டு தீர்ந்துபோகிறது. "அத்தனை பேரும் போயிட்டாங்க. நான் ஒருத்தன்தான் மிச்சம்" என்று முடித்துவிட்டு, கேட்பவர் கண் கலங்கும்வரை மின்விசிறியையே பார்ப்பார்.

போன வாரம் பேப்பரில் ஒரு செய்தி. போலி ராணுவக்காரர்களைத் தேடித் தேடிப் பிடிக்கிறார்களாம். வாடகைக்கு எடுத்த மெடலோடு ஒருவர் கல்யாண மண்டபத்திலேயே மாட்டிக்கொண்டாராம். அதைப் படித்ததிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகளுக்கு மாதம் நெருங்குகிறது. பிள்ளை பெற வருகிறவளை எந்தத் தெருவில் படுக்கவைப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் சீருடையில் இல்லை. ஆனால் முடிவெட்டே யாரென்று சொல்லியது. பின்னால் வாட்டசாட்டமாக இரண்டு பேர். டீச்சர், சங்கத் தலைவர், எதிர்வீட்டு மாமி என்று அதற்குள் படிக்கட்டு நிறைந்துவிட்டது.

"கேப்டன்னு சொல்றது உங்களைத்தானே சார்?" வந்தவர் குரல் மெதுவாக இருந்தது. "வடக்கு முகட்டுச் சாவடியில நீங்க இருந்ததா கேள்விப்பட்டோம்."

கேப்டன் படிக்கட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இருந்தேன்."

"கடைசி நாள்லயுமா?"

"கடைசி நாள்லதான்."

"மத்தவங்க?"

"அத்தனை பேரும் போயிட்டாங்க. நான் ஒருத்தன்தான் மிச்சம்." பழக்க தோஷம், கண் தானாக வீட்டுக்குள் மின்விசிறிக்குப் போனது.

"எப்படித் தப்பிச்சீங்க?"

"பின்பக்கச் சரிவுல உருண்டேன் சார். உருண்டுக்கிட்டே வந்தேன்."

"ஆனா அந்தச் சாவடிப் பட்டியல்ல உங்க பேர் இல்லையே?"

கேப்டன் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார். படிக்கட்டில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

நாலு பேர் கூடின இடத்தில் வாயே திறக்காதவள், அப்போது முன்னால் வந்தாள்.

"பேரை மாத்திக்கிட்டார் சார். பழைய பேரைக் கேட்டாலே அங்க செத்தவங்க ஞாபகம் வருதுன்னு. என்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கார்."

கேப்டன் அவளைத் திரும்பிப் பார்த்தார். தாலி கட்டின நாளிலிருந்து அப்படி ஒரு பார்வை அவளுக்குக் கிடைத்ததில்லை.

வந்தவர் நீளமாக மூச்சு விட்டார். "ரொம்ப நன்றிம்மா. இது ஒண்ணுதான் எங்களுக்கு இடிச்சுக்கிட்டிருந்தது. எத்தனை வருஷமா தேடறோம் தெரியுமா?"

"ஏதாவது விருதுங்களா சார்?" சங்கத் தலைவர் பல்லெல்லாம் தெரியக் கேட்டார். "சங்கத்து சார்பா ஒரு சால்வை..."

"அந்தச் சாவடிக்கு எதிரி வரவே இல்லைங்க. உள்ள இருந்த ஒருத்தன்தான், தூங்கிட்டிருந்த மத்தவங்களைச் சுட்டுட்டு, பின்பக்கச் சரிவு வழியா ஓடிட்டான். அசிங்கம்னு நாங்க வெளிய சொல்லலை." அவர் கண்ணைக் காட்ட, வாட்டசாட்டமான இருவரும் கேப்டனின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

அவள் பாய்ந்து குறுக்கே வந்தாள். வீடாவது, வாடகையாவது.

"ஐயோ, இல்ல சார். இவர் பட்டாளத்துப் பக்கமே போனதில்ல. பிஸ்கட் கம்பெனியில உடைஞ்ச பிஸ்கட் பொறுக்கிட்டிருந்தார். பேரை மாத்தலை, ஒண்ணும் மாத்தலை, நான்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கம்பெனியில கேட்டுப் பாருங்க."

வந்தவர் நிதானமான மனிதர். கேப்டன் பக்கம் திரும்பினார்.

"வீட்டம்மா சொல்றது உண்மையா சார்? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். இங்கயே உக்காந்து விசாரிச்சுக்கறோம். ஜீப்ல ஏறவே வேண்டாம்."

கேப்டன் படிக்கட்டைப் பார்த்தார். டீச்சர் ஒரு படி கீழே இறங்கி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தலைவரின் பல் இன்னும் உள்ளே போகவில்லை. "என்னங்க, சொல்லுங்களேன்," என்று அவள் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, மீசையை நீவிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு வார்த்தை பேசாமல் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.