வலிக்கவே வலிக்காது

"உப்புத் தண்ணி காய்ச்சி ஆற வெச்சிருக்கேன்" என்றாள் தமயந்தி. "பொண்ணு ஆசைப்பட்டான்னு மேல் காது குத்தக் கூட்டிட்டுப் போனீங்களே, இப்ப பாருங்க. தலையணையெல்லாம் சீழ்."

"குருத்தெலும்பு ஆற நாளாகும்னு கடையிலயே சொன்னாங்க" என்று முனகினார் பாலகிருஷ்ணன். பீன்யா தொழிற்சாலையில் ஷெட்டையே ஒரே அதட்டலில் அடக்கும் ஃபோர்மேனுக்கு வீட்டில் குரல் எழும்பவில்லை. "அவளுக்குத் தைரியம் சொல்லத்தானே கூடப் போனேன்."

"நல்லா சொன்னீங்க தைரியம்."

பஞ்சோடு வந்தாள் கிருத்திகா. அவளுடைய மேல் காதில் ஒரு கீறல்கூட இல்லை.

"தலையைச் சாய்ங்கப்பா."

'வலிக்கவே வலிக்காதுடா கண்ணு, முதல்ல அப்பா குத்திக் காட்டறேன்' என்று நாற்காலியில் உட்கார்ந்த மாவீரர் போட்ட அலறலில், அவள் அன்றைக்குக் கடையை விட்டே ஓடிவிட்டிருந்தாள்.

ஈரப் பஞ்சு பட்டதும் மாவீரர் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு, மே மாத வெயிலில் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினார்.

"அப்பா, அடுத்த வாரம் மூக்குக் குத்திக்கப் போறேன்" என்றாள் கிருத்திகா. "அம்மா உள்ள வரட்டும். நீங்க தெருமுனையிலயே நில்லுங்க."