மேலே தேடுகிறவனும் கீழே தேடுகிறவனும்

போர்வெல் போடும் ரிக் வண்டி உறுமுகிற உறுமலில் நாமக்கல் கோழிகளெல்லாம் நாளைய முட்டையை இன்றைக்கே போட்டிருக்கும். குழியிலிருந்து வெள்ளைப் புழுதி வானம்வரை பீய்ச்சியடிக்கிறது, பேருக்குக்கூட ஈரமில்லை. நான் தோப்போரம் கட்டிலில் உட்கார்ந்து, விண்வெளியிலிருந்து வந்த ரேடியோ அலைகளின் படங்களைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேற்றுக்கிரகவாசியைத் தேடும் விஞ்ஞானிகளுக்கு என் போன்ற பென்சன்காரர்கள் செய்கிற சம்பளமில்லாத உதவி. "ஏனுங்க மாமா, உங்காளு இன்னும் போனை எடுக்கலீங்களா?" என்று மச்சினன் தீனதயாளன் கத்த, ரிக் ஆட்கள் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீரோட்டம் பார்க்கையில் இவன் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்றதாம். அதை நம்பி நாலாவது போர்வெல் பாதாளத்தையே தாண்டி ஓடுகிறது. பைத்தியம் மட்டும் நானாம்! "தேங்கா சொன்னா நம்புவே, தொலைநோக்கி சொன்னா சிரிப்பியா மாப்ள?"

இந்தக் குழியும் பொய்த்தால் அவனுடைய பாக்குத் தோப்பு போச்சு. தலையெல்லாம் புழுதியோடு வந்து என் பக்கத்தில் உட்காருகிறான். "ஒண்ணுமே வராம எப்படீங்க மாமா தெனமும் பாக்கறீங்க?"

"அடுத்ததுல இருந்துட்டா?"

புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்து ரிக் வண்டிப் பக்கம் திரும்பிக் கத்துகிறான்: "இன்னொரு ராடு எறக்குங்க சாமி!"