விசாரணைக்கு ஒரு சாய்மனைக் கதிரை

கிட்ட வந்து இரிங்க. மெல்லத்தான் சொல்லோணும். அந்த மனேஜருக்கு இண்டைக்கும் தெரியாத கதை இது.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருசம். சம்மாந்துறையில ஒரு அரிசி ஆலை. அவிச்ச நெல்லக் களத்தில காயப்போட்டுக் காவலிருந்த றுகையா, பகல் நேரம் கண்ணயர்ந்துட்டா. ஒரு பாட்டம் மழை. நெல்லெல்லாம் நனைஞ்சு போச்சு.

"வேலை நேரத்தில நித்திரையா? விசாரிச்சுப்போட்டு வேலையால நிப்பாட்டுறதுதான்" எண்டார் மனேஜர் அப்துல் ஹமீட். கடிதமும் அடிச்சாச்சு. கையெழுத்துத்தான் மிச்சம்.

றுகையா தொழிற்சங்கத் தலைவர் மீராசாஹிபுக்கிட்ட ஓடினா. ஆலையில எல்லாருக்கும் அவர் காக்கா, மூத்த அண்ணன் மாதிரி.

"காக்கா, விடியாக்காலம் சுபஹுத் தொழுகைக்கு முந்தி அடுப்பு மூட்ட வந்தவள் நான். இந்த வேலையும் போனா எண்ட புள்ளையள் என்னத்தத் திங்கிற?"

"அழாத புள்ள. நான் கதைக்கிறன்."

அவர் போய்க் கதைச்சது ஒண்டே ஒண்டு.

"சேர், அவ நித்திரை கொண்ட இடத்திலயே விசாரிப்பம். பகல் சோத்துக்குப் பொறகு."

மனேஜருக்கு அது நல்லாப் புடிச்சிட்டு. எல்லாரும் பாக்கட்டும் எண்டு நினைச்சிருப்பார்.

அண்டைக்குக் களத்தோரம், வேம்பு நிழல். மீராசாஹிபு சாய்மனைக் கதிரையைத் தோளில தூக்கிட்டு வாறார். மனேஜர் சாஞ்சு இருக்கிறதுக்கு! இளநி வெட்டிக் குடுக்கிறார். முதுகுக்குத் தலகணியும் வெக்கிறார்.

ஆலையில வேலை செய்யிற காரைதீவுப் பொடியன் குணம் பல்லக் கடிச்சான். "சந்தா எங்கட. தலகணி அவருக்கு. நல்ல சங்கம்!"

"வாயப் பொத்து தம்பி" எண்டார் மீராசாஹிபு.

பொறகு சங்கத்து யாப்ப, அதான் சட்டப் புத்தகத்த, எடுத்து வாசிக்கத் தொடங்கினார். முதலாம் பிரிவு. ரெண்டாம் பிரிவு. ஏத்தமும் இல்ல, இறக்கமும் இல்ல, ஒரே குரல். காயுற நெல்லு வாசம் சூடா எழும்பிச்சு. கடல் காத்து வேப்பங்கொப்ப ஆட்டிச்சு. எங்கயோ ஒரு மணிப்புறா விட்டு விட்டுக் கூவிச்சு. ஆலைச் சத்தமும் அங்கால, அங்கால எண்டு தூரப் போய்க்கொண்டிருந்துது.

"காக்கா, றுகையாட கதை எங்க?" எண்டான் குணம்.

"வருது, வருது. ஏழாம் பிரிவு..."

ஒன்பதாம் பிரிவில மனேஜரிட தல சரிஞ்சுது. குறட்டை.

குணம் துள்ளி எழும்பினான். "எழுப்புவம் காக்கா! மானம் போகட்டும்!"

"இரு. மானம் போனா அந்தக் கோவத்திலயே கையெழுத்து வெச்சிருவார்." குரலத் தாழ்த்தினார். "எல்லாரும் கண்ண மூடுங்க. றுகையா, நீயும்தான்."

பின்னேரம் பள்ளியில அசர் பாங்கு சொல்லத்தான் மனேஜர் திடுக்கிட்டு முழிச்சார். சுத்திப் பாத்தார். விசாரணைக்கு வந்த பன்னிரண்டு பேரும் நித்திரை. வேம்பில சாஞ்சபடி றுகையாவும்.

அவட முகத்தையே கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டார். பொறகு கையெழுத்து வெக்கக் கொண்டுவந்த கடிதத்த நாலாக் கிழிச்சுச் சேட்டுப் பைக்குள்ள வெச்சார். சத்தம் கேட்டு யாரும் எழும்பிரக்கூடாதெண்டு, செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கொண்டு, நுனிக்காலால நடந்து போனார்.

மீராசாஹிபு கண்ணத் திறக்கல்ல. மனேஜர் வாசலத் தாண்டுமட்டும் தன்ட குறட்டையக் கொஞ்சம் கூட்டி விட்டார்.