இந்த மாசம் நான் தர மாட்டேன்

"இந்த மாச வாடகை நான் தர மாட்டேன். என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க" என்றாள் கண்டக்டர், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே.

மற்ற இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

ஒன்றாம் தேதி, மணி எட்டு. இன்னும் பத்து நிமிஷத்தில் வீட்டுக்காரர் வந்து நிற்பார். குண்டு போடுவதற்கு இந்த நேரம்தானா கிடைத்தது?

அந்த இரண்டாவது மாடி வீட்டில் மூன்று பெண்கள். பஸ்ஸில் விசில் ஊதும் கண்டக்டர்தான் மூத்தவள். இன்னொருத்தி, சட்டைக் கம்பெனியில் நாள் முழுக்கக் காலர் மட்டுமே தைக்கிற டெய்லர். மூன்றாமவள் கண் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்காருகிறவள். வீட்டில் அவள் பெயரே ரிசப்ஷன்தான்.

"விளையாடாதீங்கக்கா" என்றாள் டெய்லர். "என்கிட்ட என் பங்குக்கு மேல ஒத்தைப் பைசா கிடையாது."

"விளையாடலை. காசு இருக்கு, தர மனசு இல்லை."

ரிசப்ஷனுக்கு வந்ததே கோபம்.

"மனசு இல்லையா? அக்ரிமென்ட்ல மூணு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். ஒருத்தர் தரலைன்னாலும் மூணு பேருந்தான் பொறுப்பு. உங்க திமிருக்கு நாங்க ஏன் தெருவுல நிக்கணும்?"

"நில்லேன். காத்து நல்லா வரும்."

தனியாக இருக்கும் பெண்களுக்கு ஒரு வீடு கிடைக்க அவர்கள் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சநஞ்சமா? இதுவும் போனால் ஆளுக்கொரு திசையில் சொந்த ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வீட்டுக்காரரோ ஒரு தினுசான மனிதர். துண்டு துண்டாக வாடகை வாங்க மாட்டார். மூன்று பங்கும் சேர்ந்து முழுசாக வர வேண்டும். ஒரு பங்கு குறைந்தாலும் மற்ற இரண்டையும் கையால் தொடாமல், மாச வாடகை மொத்தத்தையும் அட்வான்ஸில் கழித்துவிடுவார். இரண்டாவது தடவை அப்படி ஆனால் மூவரும் காலி செய்ய வேண்டும். இதையெல்லாம் அக்ரிமென்டிலேயே எழுதி வாங்கியிருந்தார்.

காலிங் பெல் அடித்தது. சாட்சாத் அவரேதான்.

"என்னம்மா, ரெடியா?"

"இவங்க தர மாட்டாங்களாம் சார்" என்று ரிசப்ஷன் முந்திக்கொண்டாள். "இப்படிப்பட்ட ஆளை முதல்ல வெளியே அனுப்புங்க. நாங்க வேற ஆளைச் சேர்த்துக்கறோம்."

வீட்டுக்காரர் கண்டக்டரை ஏற இறங்கப் பார்த்தார். "நிஜமாவா? நீயா?"

"ஆமா சார்."

"ஏன்?"

"தோணலை சார்."

"இந்தாங்க, என் பங்கையாவது வாங்கிக்கோங்க" என்று டெய்லர் நீட்டியதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு யார் நல்லவ, யார் கெட்டவன்னு தெரியாது. மூணு கையெழுத்துதான் தெரியும். அட்வான்ஸ்ல கழிச்சுக்கறேன். அடுத்த மாசமும் இதே கதைன்னா மூணு பேரும் கிளம்பிடுங்க."

அவர் இறங்கிப் போனதுதான் தாமதம், ரிசப்ஷன் ஆடித் தீர்த்துவிட்டாள்.

"வெக்கமா இல்லை? ஒரு நாள் லீவு போடாம ஓடி ஓடி உழைக்கிறவ நான். எங்க தலையிலயும் சேர்த்து மண்ணை வாரிப் போட்டுட்டீங்களே. இனிமே என் முகத்துல முழிக்காதீங்க."

ரிசப்ஷன் வேலைக்குக் கிளம்புவதற்காக உள்ளே போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

டெய்லர் விடவில்லை. கண்டக்டரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"காசு இருக்குன்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"மெதுவாப் பேசு. நான் தரேன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? நீ குடுத்திருப்பே, நான் குடுத்திருப்பேன். அடுத்தது அவ முறை."

"குடுத்திருப்பா. அதுக்கென்ன?"

"அவளுக்கு வேலை போய் மூணு வாரம் ஆச்சுடி."

டெய்லர் வாயைப் பிளந்தாள். "தினமும் கிளம்பிப் போறாளே?"

"போறா. மாசப் பாஸ் இருக்கு, காலையில ஏறி சாயங்காலம் வரைக்கும் பஸ்லயே சுத்தறா. எங்க டிப்போ ஆளுங்க சொன்னப்ப நான் நம்பலை. புதன்கிழமை பாதி வழியில எனக்கு டூட்டி மாத்தி விட்டாங்க. ஏறிப் பார்த்தா கடைசி சீட்டுல இவ, ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுத் தூங்கிட்டிருக்கா. கடைசி ஸ்டாப்ல தூங்கறவங்களை எழுப்பி இறக்கறது என் வேலை. அவளை மட்டும் எழுப்பலை."

"நம்மகிட்டக் கேட்டிருக்கலாமே."

"அவளா? தலைவலிக்கு மாத்திரை வாங்கிக் குடுத்ததுக்கே அன்னிக்குச் சாயங்காலம் காசை நீட்டினவ. நமக்குத் தெரியும்னு தெரிஞ்சாலே மானம் போச்சுன்னு ராத்திரியோட ராத்திரியா ஊருக்குப் போயிடுவா. இப்ப பாரு, உன் பங்கும் என் பங்கும் பத்திரமா நம்ம கையில இருக்கு. அடுத்த மாசத்துக்குள்ள வேலை கிடைச்சா சரி. கிடைக்கலைன்னா இதுல இருந்து அவ பங்கையும் போட்டு முழுசாக் கட்டிடலாம். என் பழைய பாக்கின்னு சொல்லிக்கிறேன்."

சற்று முன்பு மனசுக்குள் இந்த அக்காவை என்னவெல்லாம் திட்டினோம் என்று நினைக்கவே டெய்லருக்குக் கூசியது.

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கண்டக்டர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வர்றா. என்னைத் திட்டு. சீக்கிரம், நல்லா சத்தமாத் திட்டு."

டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, வாய் நிறையத் திட்டினாள்.