ஐந்தாவது கட்டம்

ஒளியின் ஆன்மாவைப் பிடிக்கப் பழைய லென்ஸால் மட்டுமே முடியும் என்பது பொன்னேரி ஸ்டுடியோக்காரர் லோகநாதனின் சித்தாந்தம். அப்படியொன்றை அடாப்டர் என்னும் இணைப்பு வளையம் போட்டு மாட்டியதும், அதை அடையாளம் தெரியாத புதுக் கேமரா 'லென்ஸ் இல்லை' என்றது. இல்லாவிட்டாலும் எடு என்று மெனுவில் உத்தரவிட்டுவிட்டு, இறால் பிடிக்க ஏரியில் இறங்கிய நான்கு பெண்களை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தினார்.

"சிரிங்கம்மா."

நால்வரில் ஒருத்தியான அம்மணி, கைகள் இறாலைத் துழாவ வசதியாகப் பல்லில் கடித்திருந்த பறிக்கூடையை எடுத்தாள். "இத்த வாயில கடிச்சிக்கினு எப்டி சார் சிரிக்கிறது?"

கேமரா திரையில் முகத்துக்கொன்றாகக் கட்டம் போட்டது. ஐந்து கட்டங்கள்.

எடுத்த படத்தைப் பெருமையாகக் காட்டினார். அம்மணியின் தோளை ஒட்டிக் கருப்பன் நின்றிருந்தான். போன மாசியில் இதே ஏரியில் முழுகிய அவள் புருஷன். உடம்பு கிடைக்கவில்லை, வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது.

"எங்க ஊட்டுக்காரரு சார். இத்த மட்டும் குடுத்துடு சார்."

"போட்டிக்குப் போற படம்மா. ஃபிரேமையே கெடுத்துட்டான்" என்று அவள் கண்ணெதிரிலேயே அழித்தார்.

அடுத்த படம் கறுப்பாக வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. அடாப்டரைத் திட்டினார், கேமராவைத் திட்டினார்.

லென்ஸின் மூடியை அவர் காலையிலிருந்து, அந்த முதல் படத்துக்குக்கூட, கழற்றவே இல்லை.