இன்னொரு அடுப்பு

ஊர் ஊராக ஆட்களைப் போதைக்கு அடிமையாக்கிய வலி மாத்திரைக் கம்பெனி மீது நகராட்சிகள் போட்ட வழக்கு சமரசத்துக்கு வந்தது. இழப்பீட்டில் பங்கு வேண்டுமென்றால், இனி வழக்கே போடமாட்டோம் என்று ஒவ்வோர் ஊரும் தீர்மானம் போட்டுத் தர வேண்டும். எங்கள் ஊர்க் கூட்டத்தில் தீர்மானங்களை யாரும் படிப்பதில்லை. தலைவர் “ஆல் பாஸா?” என்பார், உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள்.

அன்று உறுப்பினர் தில்லைக்கரசி மட்டும் எழுந்தார். அவருடைய மூத்த மகனை அந்த மாத்திரைதான் கொண்டுபோயிருந்தது.

“அந்தப் பணத்துல என்ன செய்யப்போறீங்க தலைவரே?”

“மின்மயானத்துல இன்னொரு அடுப்பும்மா. இப்பல்லாம் ஒண்ணு பத்தல. உங்க பையனுக்கே எவ்வளவு நேரம் காத்துக் கெடந்தீங்க.”

“இந்தப் பழக்கத்துக்கு வைத்தியம் பாக்க ஒரு டாக்டரப் போடலாமே.”

“டாக்டர் எவனும் இந்த ஊர்ல தங்கமாட்டான். அடுப்பு தங்கும்.”

தலைவர் கேலியாகச் சொல்லவில்லை. தில்லைக்கரசி ஜன்னல் பக்கம் திரும்பினார். அவரை ஸ்கூட்டரில் கொண்டுவந்துவிட்ட இளைய மகன், உச்சி வெயிலில் வண்டிமேல் சாய்ந்து, வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தான். அண்ணனும் கடைசி மாதங்களில் இப்படித்தான் கண்ட இடத்தில் உறங்கினான்.

“ஆல் பாஸா?”

மேசைகள் அதிர்ந்தன. அவன் விழிக்கவில்லை.

எல்லோரும் தட்டி ஓய்ந்த பிறகு, தில்லைக்கரசி உட்கார்ந்து, மேசையை ஒருமுறை தட்டினார்.